வண்டியும் வாய்மையும்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறக்குறையப் பாதி வழியில் இருப்பது உலு திராம். பால்மரம் சூழ்ந்திருந்த அவ்வூர் பின்னர்ச் செம்பனைக்கு மாறிற்று; செம்பனையும் இடங்கொடுத்து விலக, 'தாமான்' என வழங்கும் வீடமைப்புகள் வரிசை வரிசையாக எழுந்து வருகின்றன. இத்தாமான்களின் சந்துகளிலே, வாசலை அடைத்துக்கொண்டு, இருபது இருபத்தைந்து வயதுடைய உயரமான வண்டியொன்று நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். சுசூகியோ, டைஹாட்சுவோ, பஜேரோவோ, ஏதோ ஒன்று. நான்கு சக்கரங்களும் உந்தப்பெறுவது. கடல் கடந்து வந்து, பல கை மாறி, மலிந்த விலைக்கு நம்மவர் கையை அடைந்தது. 'போர்வீல்' என்பது நம்மவர் வாயில் அதற்கு வழங்கும் பெயர்.

இலக்கியப் பகுதியில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். ஆன்மாவைப் பற்றியும் அண்டத்தைப் பற்றியும் எழுதினால்தான் தத்துவம் என்பது அவர்கள் எண்ணம் போலும். நமது அபிப்பிராயம் வேறு. மனிதனுடைய ஒழுக்கம் பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலிலேயே சோதிக்கப்படுகின்றது. அதிலும் பழைய வண்டியொன்றை வைத்திருப்பவருக்கு, ஈராயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் வாதிட்டுவரும் ஒரு கேள்வி வீட்டு வாசலிலேயே வந்து நிற்கின்றது. தன் பொருளில் உள்ள குறையைத் தான் ஒருவரே அறிந்திருக்கும்போது அதனைப் பிறருக்குச் சொல்லக் கடமைப்பட்டவரா, அல்லரா என்பதே அக்கேள்வி.

அதனை ஆராயுமுன், இவ்வண்டியின்மீது நம்மவருக்குள்ள விருப்பத்தின் வேரைச் சிறிது பார்ப்போம். 1945ஆம் ஆண்டில் ஜப்பானியர் பணிந்தபின் மலாயாவுக்குத் திரும்பிய பிரிட்டிஷ் படையோடு ஜீப் வண்டிகள் வந்தன. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் தோட்டத் துரைமார் இரும்புத் தகடு பொருத்திய வண்டிகளிலே சென்றனர். பால்வாளி சுமந்து நடந்தவர்களுக்கோ அவ்வண்டியின் ஓசையே ஓர் எச்சரிக்கை. ஓசை கேட்டால் நிரையில் குனிந்த முதுகு நிமிராது. கங்காணியின் குரல் உயரும். மழைக்காலத்துச் செம்மண் பாதையில் லாரி புதையும், சைக்கிள் புதையும். துரையின் வண்டி மட்டும் புதையாது. எவர் போக முடியாத இடத்துக்கும் போகவல்லது எதுவோ அதுவே அதிகாரம் என்று சிறு பிள்ளைகளின் மனத்திற் பதிந்தது.

அந்த லயத்திற் பிறந்தவருடைய பேரன் அதே தினுசான வண்டியொன்றைத் தன் வாசலில் நிறுத்த விரும்புவானாயின், அதனைக் குற்றமென்று சொல்ல நாம் ஒருப்படோம். துரையைப் போலத் தோன்ற வேண்டுமென்ற ஆசையும் அதில் ஓரளவு கலந்திருக்கலாம். பிறரை அடக்கி நடத்தும் குணத்தையும் வண்டியோடு சேர்த்து வாங்காதவரையில் அதனால் தீங்கில்லை. மேலும், உலு திராமைச் சுற்றிச் சில ஏக்கர் செம்பனையோ டுரியானோ வைத்திருப்பவர்க்கு, மழை பெய்த மறுநாள் குலையை வெளியே கொண்டுவர இத்தகைய வண்டி அவசியமானதுமாகும். ஆனால் துரையின் வண்டியைப் பற்றி நம்மவர் கவனியாத ஒன்றுண்டு. துரை அவ்வண்டிக்குச் சொந்தக்காரர் அல்லர். வண்டி கம்பெனியுடையது. பிரேக் தேய்ந்திருப்பதை அறிந்தவர் டிரைவர்; புதிது போடக் காசு கொடுப்பது கம்பெனி; இன்றைக்கு ஓட்டு என்று கட்டளையிடுபவர் துரை. அறிவு ஒருவரிடம், பணம் ஒருவரிடம், அதிகாரம் ஒருவரிடம் இருந்தன. ஏதேனும் நேர்ந்தால் ஒருவர் மற்றொருவரைக் கைகாட்டுவார். பேரனுக்கோ இம்மூன்றும் ஒரே தலையில் வந்து சேர்ந்துவிட்டன. அவன் கைகாட்டுவதற்கு ஆளில்லை.

புதிய வண்டியே வாங்கலாகாதோ என்று கேட்கப்படலாம். 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்த நாள்தொட்டு, உள்நாட்டு வண்டியைக் காக்கும்பொருட்டு அயல்நாட்டு வண்டிகளின்மீது பலத்த வரி விதிக்கப்பட்டு வந்தமை யாவரும் அறிந்ததே. தவணையில் வாங்கினாலோ, 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடைசித் தவணை தீரும்வரை வண்டி கடன் கொடுத்தவருடையதே. வாங்கினவர் பெயரளவில் ஓட்டுகின்றவர் மட்டுமே. அத்தவணை ஒன்பது வருஷத்துக்கு மேற்படலாகாதென்று பேங்க் நெகாரா 2011இல் வரம்பு கட்டிற்று. ஒன்பது வருஷம் மாதந்தோறும் அஞ்சி வாழ்வதைவிட, கையிலுள்ள பத்துப் பன்னிரண்டாயிரம் வெள்ளியை எண்ணிக் கொடுத்துப் பழையதை வாங்கினால், அன்றைக்கே அது தன்னுடையதாகிவிடுகின்றது. இதிலே ஒரு சுயமரியாதை இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே தன்னுடையதாவது வண்டி மட்டுமன்று. முன்பு வைத்திருந்த நால்வர் செய்ததும் செய்யாமல் விட்டதும் தன்னுடையவை ஆகின்றன.

இங்கே பழைய வண்டி என்பது எத்தகைய பொருள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பழைய போர்வீல் வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் அடியில் ஏணி போன்றதோர் இரும்புச் சட்டம் இருக்கின்றது. உடல், எந்திரம், சக்கரம் யாவும் அதன்மேல் நிற்பன. அதனைச் சேசிஸ் என்பர். அவ்விரும்பு உள்ளே கூடானது. சேறும் நீரும் துளை வழியே உட்சென்று தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். மேலே கறுப்புச் சாயம் பளபளக்கும். சிறு சுத்தியலால் தட்டினாலோ, நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்க, அரித்த இடம் பொத்தென்று ஒலிக்கும். ஓட்டையின்மேல் மெழுகி, தாரைப் பூசிவிட்டால் புதியவர் கண்ணுக்குத் தெரியாது. பூசினவருக்குத் தெரியும்.

சக்கரங்களைப் பிணைக்கும் முறையும் அத்தகையதே. பழைய தினுசு வண்டிகளிற் பலவற்றில் ஒரு கம்பியை இழுத்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும். வளைவிலே முன் சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின் சக்கரம் ஓடும் தூரம் வேறு. சேற்றிலாயின் சக்கரம் சற்றே வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமின்றி, உள்ளே பற்சக்கரங்கள் முறுக்குண்டு தேயும். இதனை அறியாத ஒருவர் மாதக்கணக்காக நான்கையும் பிணைத்தபடியே ஜொகூர் பாருவுக்குப் போய் வந்திருந்தால், அத்தேய்வை வண்டியின் முகத்தில் எவரும் படிக்க இயலாது. ஆழமான நீரில் இறங்கிய வண்டியின் பற்சக்கரப் பெட்டிக்குள் காற்றுத் துளை வழியாக நீர் புகும்; எண்ணெய் பால் கலந்த தேநீரைப்போல் வெளுத்துவிடும். விற்பதற்கு முதல்நாள் அவ்வெண்ணெயை மாற்றிவிட்டால் சாட்சி அழிந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ஈராண்டுக்கொருமுறை மாற்றவேண்டும் என்பர். மாற்றாத எண்ணெய், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், கால் மிதித்தது வெறும் மிதியாகும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றிருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாயிருப்பதைக் கண்டு புதிய டயரென்று மகிழ்கின்றவர் இந்நான்கு எண்களைப் பார்ப்பதில்லை. குறைந்த தூரம் ஓடும் வண்டியில் ரப்பர் தேயாது, ஆனால் கிழடாகிவிடும். பால்மரத்தோடு வாழ்ந்த நம்மவருக்கு ரப்பரின் குணத்தை நாம் எடுத்துச் சொல்லுவது சிறிது வேடிக்கைதான்.

இவையெல்லாம் எவருக்குத் தெரியும்? உரிமை மாற்றத்தின்போது பரிசோதனைக் கூடத்தில் வண்டியைப் பார்க்கின்றார்கள். எந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒத்திருக்கின்றனவா, திருட்டு வண்டியா என்பது அங்கே முக்கியம். நான்காம் ஆண்டில் ஹாப்கட் கடையிலிருந்து வந்த கியர் பெட்டி எத்தனை மைல் ஓடியதென்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. தெரிந்தவர் சொந்தக்காரர் ஒருவரே. வருஷக்கணக்காக அதனோடு பழகியவர்; எந்த ஓசை எதனால் என்று தூக்கத்திலும் சொல்லுவார். வண்டியைக் குறித்த உண்மை முழுவதும் அவர் நெஞ்சிலே தங்கியிருக்கின்றது.

இப்பொழுது விற்கவேண்டிய காலம் வருகின்றது. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தபோது, வாசலில் நின்ற டீசல் வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர் ஒருவர் இருவரல்லர். விளம்பரம் கொடுக்கின்றார். தோட்டத்திலிருந்து ஒரு வாலிபன் வருகின்றான். "அண்ணே, வண்டி எப்படி?" என்கின்றான். "அருமையான வண்டி தம்பி, என் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்" என்று விடை வருகின்றது. சேசிஸின் ஓட்டையைப் பற்றி அவன் கேட்கவில்லை; இவர் சொல்லவில்லை. இதிலே மோசடி உண்டா?

சட்டத்தைக் கேட்போம். இந்தியாவில் 1872ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், அதனை ஒட்டி இந்நாட்டில் 1950ஆம் ஆண்டில் அமைந்த ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் மோசடி இன்னதென்று வரையறுக்கின்றன. விளக்கத்துக்காக அங்கே ஒரு குதிரை நிறுத்தப்பட்டிருக்கின்றது. ஒருவன் தன் குதிரை நோயுற்றதென்று அறிந்தும் ஏலத்தில் மற்றொருவனுக்கு விற்கின்றான், வாயைத் திறக்கவில்லை. இது மோசடியாகாது என்கின்றது சட்டம். சும்மா இருப்பது பொய்யாகாது என்பது அதன் கருத்து. ஆனால் உடனே இரண்டாவது உதாரணம் வருகின்றது: வாங்குபவள் விற்பவனுடைய மகள், அப்பொழுதுதான் பருவமெய்தியவள் என்றால், அங்கே சொல்லியே ஆகவேண்டும், உறவே அக்கடமையை உண்டாக்குகின்றது. மூன்றாவது உதாரணம் இன்னும் நுட்பமானது. வாங்குபவன், நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே கொள்வேன் என்கின்றான், விற்பவன் மௌனமாயிருக்கின்றான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர் வகுத்த சட்டந்தானே என்று இதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. அந்நியனிடம் மௌனம் செல்லும், மகளிடம் செல்லாது என்ற இடத்தில் அது ஒரு பெரிய உண்மையைத் தொட்டிருக்கின்றது. தொட்டபின் பாதி வழியில் நின்றுவிட்டது. நாம் கேட்கின்றோம்: நம்மவருக்குள் அந்நியன் யார்? சாலையில் வழி கேட்பவன் நமக்குத் தம்பி. கடையில் சாமான் வாங்கும் மாது அக்காள். வயது முதிர்ந்த எவரும் ஐயா, அம்மா. பெயர் தெரியாதவனையும் உறவுமுறை சொல்லியே அழைக்கும் வழக்கம் நம்முடையது. வண்டி வாங்க வந்தவன் 'அண்ணே' என்கின்றான். விற்பவர் 'தம்பி' என்கின்றார். இச்சொற்களுக்குப் பொருளுண்டானால் சட்டத்தின் இரண்டாவது உதாரணம் இங்கே பொருந்துகின்றது. சேசிஸின் ஓட்டையைச் சொல்லியே தீரவேண்டும். பொருளில்லையானால், அச்சொற்களை விலையேற்றும் தந்திரமாக அன்றோ வழங்கினோம்? உறவைச் சொல்லி நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு, அந்நியனுக்குரிய மௌனத்தை அவனுக்குக் கொடுப்பது எவ்வகையிலும் யோக்கியமான வியாபாரம் ஆகாது. வந்தவன் "உங்களை நம்பித்தான் எடுக்கிறேன் அண்ணே" என்றும் சொல்லிவிட்டானானால், அப்புறம் மூன்றாவது உதாரணமும் எதிரே வந்து நிற்கும்.

இதே வழக்கு ரோமாபுரியிலும் நடந்திருக்கின்றது. கி.மு. 44இல் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் இரண்டு தத்துவ ஆசிரியர்களை எதிரெதிரே நிறுத்துகின்றார். குறையுள்ள வீட்டை ஒருவன் விற்கின்றான். குறையை அவனன்றி எவரும் அறியார். ஆன்டிபேட்டர் என்பார், சொல்லியே தீரவேண்டும், சொல்லாதவன் வழி தப்பியவனுக்கு வழி காட்டாதவனினும் கொடியவன் என்கின்றார். அவருடைய ஆசிரியராகிய டயோஜனீஸ், எவன் உன்னை வாங்கச் சொன்னான், சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், தன் வீடு நோய் பிடித்த வீடென்று எவனாவது பறையறைந்து விற்பானா என்று பரிகசிக்கின்றார். சிசரோ மாணவர் பக்கமே தீர்ப்புச் செய்கின்றார். நம் வள்ளுவரும் வாணிகர்க்கென்று ஒரு குறளை நடுவுநிலைமை அதிகாரத்திலே வைத்திருக்கின்றார். பிறர் பொருளையும் தம் பொருளைப்போலப் பேணுவதே அதன் கருத்து. வைத்த இடம் கவனிக்கத்தக்கது. பிறர் பொருளைக் கவராமையைச் சொல்லும் கள்ளாமை அதிகாரத்தில் அதனை வைக்கவில்லை. தராசின் முள்ளைப் பற்றிப் பேசுமிடத்தில் வைத்தார்.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. விலை மலிவாயிருப்பதே பழுதுக்கு அறிகுறியன்றோ, பழைய வண்டி வாங்க வந்தவனுக்குப் பழையதென்று தெரியாதா என்பர். தெரியும். உயரமான குட்டை வண்டி வேகமாய்த் திரும்பினால் கவிழக்கூடும் என்பது ஊரறிந்த விஷயம். 1988இல் ஓர் அமெரிக்கப் பயனீட்டாளர் ஏடு சுசூகி சாமுராயைப் பற்றி அவ்வாறு எழுதப்போய், 1996இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2004இல்தான் சமரசமாயிற்று. அத்தகைய பொதுக் குணத்தை ஒவ்வொரு விற்பனையாளரும் ஓதவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. இருபது வயது வண்டியின் இருக்கை கிழிந்திருக்கும், எண்ணெய் அதிகம் குடிக்கும். வந்தவன் கண்ணால் காண்பதற்கும் ஊகிப்பதற்கும் வாய் வேண்டாம். காண முடியாதபடி நாமே பூசி மறைத்ததற்குத்தான் வாய் வேண்டும்.

நான் வாங்கும்போது எனக்கு எவன் சொன்னான் என்பது அடுத்த வாதம். இதுதான் எங்கும் கேட்கப்படுவது. கோபமும் அதில் உண்டு. முன்னவன் ஏமாற்றினான், அந்த நஷ்டத்தைப் பின்னவன் தலையில் இறக்கினால் கணக்கு நேராகுமென்று நினைக்கின்றார்கள். நேராவதில்லை. இறங்கிக்கொண்டே போய், கடைசியில் எவன் தலையில் நிற்கின்றது? வண்டி ஒவ்வொரு கை மாறும்போதும் விலை தாழ்கின்றது. விலை தாழத் தாழ, வாங்குபவன் வருமானமும் தாழ்கின்றது. முப்பதாயிரத்துக்கு வாங்கியவரால் மூவாயிரம் செலவிட்டுச் சேசிஸைப் பற்றவைக்க முடிந்திருக்கும், செய்யவில்லை. பதினைந்தாயிரத்துக்கு வாங்கியவர் சிரமப்பட்டுச் செய்திருக்கலாம். செய்யாமல் தாரைப் பூசினார். ஆறாயிரத்துக்கு வாங்கிய தோட்டத் தொழிலாளியால் முடியவே முடியாது. அவனோ மனைவி மக்களையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் புறப்படுகின்றான். மேற்படியிலுள்ளவர் சொல்லாமல் விட்டது கீழ்ப்படியிலுள்ளவனுடைய எலும்பின்மேல் போய் விழுகின்றது. ஜாதியின் அடுக்கைக் கண்டிக்கும் நம்மவர், தம் கையாலேயே கட்டும் இந்த அடுக்கை ஏன் காண்பதில்லையோ தெரியவில்லை.

மூன்றாவது வாதம்தான் நம்மை உண்மையில் சங்கடப்படுத்துவது. விற்பவரும் ஏழையே. வேலை போயிருக்கலாம், மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருக்கலாம். ஓட்டையைச் சொன்னால் பன்னிரண்டாயிரம் ஒன்பதாயிரமாகும். அந்த மூவாயிரம் வெள்ளி வியாபாரிக்குச் சில்லறை. இவருக்கு இரண்டு மாத வாழ்வு. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்வோரைக் கட்டுப்படுத்துவது; தன் ஒரே வண்டியை விற்கும் தனி மனிதரை அது தொடாது. எந்த உத்தியோகஸ்தரும் வந்து கேட்கப்போவதில்லை. இத்தகையவரைப் பார்த்து, நீர் பொய்யர் என்று மேசையிலிருந்து எழுதுவது எளிது, நாம் எழுதமாட்டோம். ஆனால் ஒன்றைக் கேட்போம். வாங்க வந்த வாலிபனும் அந்த மூவாயிரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டா வந்திருக்கின்றான்? அவனும் கூட்டுறவுக் கடன் எடுத்தோ, தாயின் சங்கிலியை வைத்தோ வந்தவனே. பன்னிரண்டாயிரமும் கொடுத்துவிட்டால் பற்றவைக்க அவனிடம் ஒன்றுமிராது. ஒன்பதாயிரம் கொடுத்தால் மூவாயிரம் அவன் கையில் மிஞ்சும், சட்டம் சரியாகும், வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடும். அந்த மூவாயிரம் உண்மையில் அரித்துப்போன இரும்பினுடைய பங்கு. இரும்பின் பங்கைத்தான் நமது வறுமையின் பேரால் கேட்கின்றோம்.

விற்பனையோடு இந்தக் கடமை தொடங்குவதுமில்லை. விற்காமல் தானே ஓட்டுகின்றவரும், தான் அறிந்த குறையோடு சாலையில் இறங்குகின்றார். வாங்குபவனாவது வந்து பார்த்துத் தலையாட்டியவன். எதிரே மோட்டார் சைக்கிளில் வரும் தொழிலாளி எதற்குத் தலையாட்டினான்? 2009ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சர்க்கார் தன் மோட்டார்த் தொழிற் கொள்கையைத் திருத்தி அறிவித்தபோது, 15 வயது கடந்த வண்டிகள் வருஷந்தோறும் சாலை வரி கட்டுமுன் பரிசோதனைக்குச் செல்லவேண்டுமென்றது. நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. சில வாரங்களுக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. பழைய வண்டியன்றி வேறு வழியில்லாத ஏழைகளின் தலையில் விழும் செலவு அது, எதிர்த்தது நியாயமே. ஆனால் பரிசோதிப்பவர் வேண்டாமென்று சொன்னவர்கள், அந்த வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டவர்கள் ஆகின்றார்கள். எதிர்த்து ஜெயித்தவர்களில் எத்தனை பேர் அவ்வருஷம் பிரேக் எண்ணெய் மாற்றினார்கள் என்று எவரும் கணக்கெடுத்ததில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலும், நீர் வடிந்து வீட்டைக் கழுவி முடிக்குமுன் 2007 ஜனவரியிலும், ஜொகூர் ஆறு பெருகிக் கோத்தா திங்கி நகரத்தை இருமுறை மூழ்கடித்தது. உயர்ந்த வண்டியின் அருமை அத்தகைய நாட்களில் தெரியும். சேற்றையும் நீரையும் கடக்கும் வண்டி வாசலில் நிற்க, அண்டை வீட்டுக் கிழவியை இறக்கிவிட மாட்டேனென்று சொல்பவரை நாம் கண்டதில்லை. அவ்வளவில் நம்மவர் மனம் நல்லதே. நாம் சொல்ல வந்தது வெள்ளத்துக்குப் பிறகு நடப்பதை. அன்று மூழ்கியதும் நீரில் இறங்கி உழைத்ததுமான வண்டிகள் காய்ந்ததும் விலைக்கு வரும். அவற்றின் பற்சக்கரப் பெட்டியில் ஆற்று நீர் இருக்கும். வெள்ளத்தன்று தன் வண்டியைப் பொருட்படுத்தாமல் நான்கு குடும்பங்களைக் காத்த அதே மனிதர், ஆறு மாதம் கழித்து அவ்வண்டியை 'தண்ணி பார்க்காத வண்டி' என்று விற்கக்கூடும். முதல் நாள் அவர் கொடுத்தது பெரிது. இரண்டாம் நாள் மறைத்தது சிறிதென்றே அவர் நினைப்பார்.

இதற்கு நாம் ஒரு சிறு யோசனை சொல்லுகின்றோம். தோட்டங்களில் கிராணிமார் ஒவ்வொருவருடைய பால் எடையையும் நாள்தோறும் புத்தகத்தில் எழுதினார்கள். நம்முடைய உழைப்பின் ஒரு ராத்தலும் கணக்குக்குத் தப்பியதில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அதுபோல ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி வண்டியிலேயே வைக்கட்டும். எண்ணெய் மாற்றிய நாள், டயரின் நான்கு எண்கள், ஹாப்கட் கடையில் வாங்கிய சாமானும் விலையும், பட்டறைக்காரர் பார்த்துத் தலையசைத்தவை, பணமில்லாமையால் செய்யாமல் விட்டவை, எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதட்டும். கையெழுத்து அழகாயிருக்க வேண்டுவதில்லை. தமிழானாலும் மலாயானாலும் சரி. எந்த ஆற்றில் எந்த நாள் எவ்வளவு ஆழத்தில் இறங்கிற்று என்பதும் அதிலிருக்கட்டும். முன்னவர் எதுவும் எழுதாமல் கொடுத்திருந்தால், முதற் பக்கத்தில் அதனையே எழுதிவிட்டுத் தொடங்கலாம்.

வண்டி வாங்க வருகின்ற தம்பிமாருக்கும் ஒன்று. சாவியைக் கேட்குமுன் அந்த நோட்டைக் கேளுங்கள். இல்லை என்பாரானால், சிறு சுத்தியலொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டை அழுக்காவதைப் பாராமல், வண்டியின் அடியிலே படுத்து, முன்னிருந்து பின்வரை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள்.